பாவுக்கு ஆள் சேர்

பிளவக்கல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தி எழுதுவது. 

வீட்டிலேயே தறி போட்டுத் துண்டும் விரிப்பும் நெய்யப்போகிறேன் என்று நீ எழுதியதைப் படித்து மனசு நிறைந்துவிட்டது. ஆனால் "வெறும் துண்டுதான் சித்தி" என்று எழுதினாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. கைத்தறிக்கென்று சில துணிகளை ஒதுக்க 1985-இல் வந்த சட்டத்தின் கீழ்ப் பட்டியல் போட்டபோது, சேலை, வேட்டியோடு துண்டும் படுக்கை விரிப்பும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. நாள்தோறும் உடம்பில் படுகிற துணிக்கு உள்ள மரியாதையை நாமே குறைக்கலாமா?

குழித்தறியா, சட்டத்தறியா என்று கேட்டிருந்தாய். நம் பக்கத்துப் பழைய நெசவு வீடுகளில் குழித்தறி இருப்பதற்குக் காரணம் உண்டு. பருத்தி நூலுக்கு ஈரப்பதம் இருந்தால்தான் பலம். மண்தரையில் தோண்டிய குழியின் குளிர்ச்சி, நீளவாட்டு இழைகளான பாவைக் காய விடாது. உனக்கு மாடி அறை, டைல்ஸ் தரை. அதனால் சட்டத்தறிதான் சரி. சட்டத்தைப் பூட்டியதும் ரசமட்டம் வைத்துப் பார். பிறகு மூலைக்கு மூலை கயிறு பிடித்து அள. இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்க வேண்டும். சட்டம் கோணினால் துணியும் கோணும். கால்களுக்கு அடியில் தடித்த கயிற்றுப்பாய் போட்டால் குறுக்கிழையை நெருக்கி அச்சு அடிக்கிற அதிர்வு கீழ்வீட்டுக்குப் போகாது. தறிக்குப் பின்னால் ஓர் ஆள் நின்று வேலை செய்ய இடம் விட மறந்துவிடாதே.

நூலைச் சிட்டமாகவே வாங்கு. 2/40 இரட்டை முறுக்கு நூல் போதும். ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டம் எத்தனை இருக்கிறதோ அதுதான் நூலின் நம்பர். இரண்டு 40 நம்பர் இழையைச் சேர்த்து முறுக்கியதால் இது 20 நம்பர் கனத்துக்கு வரும். ஒற்றை இழை என்றால் கஞ்சி போட்டே ஆக வேண்டும். இரட்டை முறுக்கு, கஞ்சி இல்லாமலே தாங்கும்.

முதல் பாவுக்குக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். 30 அங்குல அகலத் துண்டுக்குத் தறியில் 33 அங்குலம் வை. நெய்யும்போதும் துவைக்கும்போதும் சுருங்கும். 40-ஆம் நம்பர் அச்சில் 2 அங்குலத்துக்கு 40 கண், கண்ணுக்கு 2 இழை. ஆக, அங்குலத்துக்கு 40 இழை, மொத்தம் 1,320 இழை. 10 கஜப் பாவுக்கு 360 கிராம் நூல் வேண்டும். குறுக்கிழையான ஊடைக்கு இன்னொரு 300 கிராம் எடுத்து வை. கட்டுக்கும் கழிவுக்கும் ஒரு கஜம் போனாலும், 60 அங்குலத் துண்டு நான்கும் அடுப்படிக்கு ஒரு கைத்துணியும் கிடைக்கும்.

சாதா நெசவே போதும். சத்திரப்பட்டியில் விசைத்தறியில் ஓடுகிற பேண்டேஜ் துணியும் அதே நெசவுதான். இழையை இடைவெளியோடு விட்டால் காயத்துக்குக் கட்டும் துணி, நெருக்கினால் விரிப்பு. அதனால் எவ்வளவு அழுத்தி அடிக்கிறாய் என்பதைக் கவனி. அங்குலத்துக்கு 36 ஊடை விழுந்தால் துண்டு நன்றாக ஈரம் இழுக்கும். அகலமான விரிப்புக்குப் பெரிய தறி தேட வேண்டாம். இரண்டு பட்டையை நெய்து நடுவில் தைத்துக்கொள்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். ஊடையை இழுத்துப் போகும் நாடாவை நீ தனியாக ஓட்டலாம், நாடாவுக்குள் வைக்கும் தாரையும் தனியாகச் சுற்றிக்கொள்ளலாம். பாவை மட்டும் தனியாக ஏற்ற முயலாதே. நெசவூர்களில் தெருவை நீளமாக விட்டது, பலர் சேர்ந்து பாவை நீட்டிக் கஞ்சி போடத்தான். வெயில் ஏறினால் கஞ்சி சட்டென்று காய்ந்து இழை முறியும் என்று, விடியும் முன்பே பாவை நீட்டிக் கட்டிவிடுவார்கள். இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர். இன்றைக்கு இவர் பாவு என்றால் நாளைக்கு அவர் பாவு. யாருக்கு யார் ஆள் என்று கணக்குக் கேட்க மாட்டார்கள். நெசவு அப்படித்தான் பிழைத்து வந்திருக்கிறது.

கஞ்சி இல்லாத உன் பாவுக்கும் மூன்று பேர் வேண்டும். ஒருத்தர் உருளையைச் சுற்ற, ஒருத்தர் பாவை ஒரே இறுக்கமாகப் பிடிக்க, ஒருத்தர் சிக்கெடுத்து அடுக்குக்கு அடுக்கு காகிதம் கொடுக்க. ஓர் இழை தளர்ந்தாலும் அது தொங்கி நாடாவை மறிக்கும். மாப்பிள்ளை இருக்கிறார். இன்னொருவரை உன் மாடிப்படியில் ஏறி இறங்குகிறவர்களிடமே கேள். கூப்பிடத் தயங்காதே. முதல் துண்டை அவருக்கே கொடு. சலவைச் சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்து அலசியபின் கொடு, புது நூலின் மெழுகு போனால்தான் தண்ணீர் இழுக்கும்.

பாவு ஓட்டுகிற அன்றைக்குச் சித்தியும் வருகிறேன். முதல் பாவுக்குத்தான், இழையைத் தூக்கி இறக்கும் விழுதிலும் அச்சிலும் ஒவ்வோர் இழையாகக் கோர்க்க வேண்டும். அடுத்த பாவைப் பழைய பாவின் நுனியோடு பிணைத்துக்கொள்ளலாம். அந்தப் பிணைப்பை உனக்குக் கற்றுக் கொடுத்துவிட்டுத்தான் ஊர் திரும்புவேன். அறையின் நீள அகலத்தை மாப்பிள்ளையை அளக்கச் சொல்லி எழுது. தறி செய்யும் ஆசாரியிடம் அளவைச் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள சித்தி