பரணில் தொங்கிய விதை

இடுக்கி மாவட்டத்து வட்டவடையும் காந்தளூரும் கேரள மண்; எனினும் அங்கு விளையும் வெள்ளைப்பூண்டில் பெரும்பகுதிக்கு விலை பேசுவது தேனி மாவட்டத்து வடுகபட்டிச் சந்தையே. அம்மலைச்சரிவின் படிக்கட்டு வயல்களில் வளர்ந்தவர்கள் நாங்கள்.

மலைப்பூண்டு முற்ற ஏறத்தாழ நான்கு மாதம் ஆகும். சிங்கப்பூர்ப் பூண்டு என்று வழங்கும் இனத்தை மூன்று மாதத்திலேயே பறிக்கலாம். பறித்த பூண்டைத் தாளோடு கட்டுக் கட்டாகக் கட்டி, அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுவோம். புகை படிந்த பூண்டு மாதக்கணக்கில் கெடாது. அதுவே அடுத்த போகத்துக்கு விதை.

பொறுத்திருக்க முடிந்தவனுக்கே சந்தையில் விலை உண்டு. ஓராண்டு வியாபாரி ஒருவரிடம் முன்பணம் வாங்கியிருந்தோம். பறித்த கையோடு அவர் சொன்ன விலைக்குக் கொடுத்தோம். கடன் அடையவில்லை, பரணில் இருந்த விதையையும் இறக்கினோம். அடுத்த பருவத்தில் அவரிடமே, இரு மடங்கு விலைக்கு விதை வாங்கினோம். வெறும் பரணை நிமிர்ந்து பாராமலே அம்மா அந்நாட்களில் உலை வைத்தார்.

2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டும், பின்னர் 2022-23இல் காந்தளூர் வட்டவடைப் பூண்டும் புவிசார் குறியீடு பெற்றன. பெயர் கிடைத்ததில் மகிழ்ச்சியே. ஆயினும் பெயர் கடனை அடைக்காது. ஆகவே, பிழைப்புத் தேடி வெளியூர் வந்த நாங்கள் வீட்டுக்குப் பணம் அனுப்பும்போதெல்லாம் ஒரு வரி சேர்த்தே எழுதுகிறோம்: "விதையை மட்டும் விற்காதீர்கள்."