இதைப் போய் யாருடா பாப்பாங்க?

உங்க மொபைல் கேலரியை ஒரு நிமிஷம் திறந்து பாருங்களேன். செல்ஃபி, பர்த்டே கேக், கல்ச்சுரல்ஸ் டான்ஸ், எக்ஸாமுக்கு முதல் நாள் சுட்ட நோட்ஸ், மறுபடியும் செல்ஃபி... கரெக்டா? அதுல உங்க தெரு இருக்கா? தினமும் பஸ் ஏறுற ஸ்டாப்? அப்பா வேலை செய்யிற மாதிரி ஒரே ஒரு போட்டோ? இல்லைதானே! கவலைப்படாதீங்க பாஸ், முக்கால்வாசிப் பேர் கேலரி அப்படித்தான்.

என் ஊர் மணவூர். 'அது எங்கேப்பா இருக்கு?'ன்னு கேட்காதவங்க எங்க காலேஜ்லயே கிடையாது. சென்னை - அரக்கோணம் ரயில் பாதையில், செஞ்சி பனம்பாக்கத்துக்கும் திருவாலங்காட்டுக்கும் நடுவுல இருக்கிற ஸ்டேஷன். எக்ஸ்பிரஸ் வண்டியெல்லாம் டாட்டா காட்டிட்டுப் பறந்துடும். கையில கேமராவோட என்னைப் பார்த்தா ஊர்ல எல்லோரும் சொல்றது ஒண்ணுதான்... "திருத்தணி மலைக்குப் போ தம்பி, ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடு. இங்கே என்ன இருக்கு?"

அந்தக் கேள்விக்கு பதில் தேடித்தான் நாங்க நாலு பேர் சேர்ந்தோம். மணவூர் நான். மத்தவங்களுக்கும் ஊர்தான் பேரு... திருவாலங்காடு (எங்க டீமோட ஒரே பொண்ணு, ஒரே அறிவாளி!), திருத்தணி, பொதட்டூர்பேட்டை. சொத்துக் கணக்கு: செகண்ட் ஹேண்ட் கேமரா ஒண்ணு, மொபைல் மூணு.

திருத்தணி முருகன் மலைக்கு 365 படிகள். வருஷத்தோட ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படின்னு சொல்வாங்க. டிசம்பர் 31 அன்னிக்கு நடக்கிற படித் திருவிழாவுல, படிக்குப் படி பூஜை பண்ணி ஏறுவாங்க. 'நாமளும் ஒரு நாளைக்கு ஒரு போட்டோன்னு 365 ஏறினா என்ன?'ன்னு கேட்டது திருத்தணிக்காரன். கண்டிஷன் ஒண்ணே ஒண்ணு... கோபுரம், திருவிழா, கல்யாணம் கிடையாது. சாதாரண நாள், சாதாரண இடம், சாதாரண மனுஷங்க.

இந்தக் கிறுக்கு எங்களுக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவில் ஜேமி லிவிங்ஸ்டன்னு ஒருத்தர், காலேஜ்ல படிக்கும்போது, 1979 மார்ச் 31-ல ஒரு போலராய்டு கேமராவோட ஆரம்பிச்சார். நாளுக்கு ஒரு படம். சாப்பாட்டுத் தட்டு, நண்பர்கள், தெரு... எல்லாமே சாதாரணம். 1997 அக்டோபர் 25-ல், தன்னோட 41-வது பிறந்த நாள்ல புற்றுநோயால் இறந்துபோற வரைக்கும் விடலை. ஆறாயிரத்துக்கும் அதிகமான படங்கள்! 2007-ல அதே பார்ட் கல்லூரியில் அதையெல்லாம் கண்காட்சியா வெச்சது யாரு தெரியுமா? அவரோட நண்பர்கள்தான்.

கவனிச்சீங்களா? எடுக்கிறவன் ஒருத்தன்னா, பார்க்கிறதுக்கும் நாலு பேர் வேணும். 1839-ல புகைப்படக் கலை பாரிஸ்ல உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. 1857-லயே நம்ம சென்னையில 'போட்டோகிராஃபிக் சொசைட்டி ஆஃப் மெட்ராஸ்' வந்தாச்சு. அந்தக் காலத்துலயே, 'நான் எடுத்ததைப் பாரேன்'னு காட்ட மனுஷனுக்கு இன்னொரு மனுஷன் தேவைப்பட்டிருக்கான். நம்ம காலத்துல 'சென்னை வீக்எண்ட் கிளிக்கர்ஸ்' மாதிரி குழுக்கள் விடியற்காலையில கிளம்பித் தெருத்தெருவா நடந்ததும் அதே ஆசையிலதான்.

எங்க கதைக்கு வருவோம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம், மணவூர் ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடை பெஞ்ச். ஆளுக்கு அந்த வாரத்தோட ஏழு படம். 'சூப்பர் மச்சி', 'செம', 'வேற லெவல்' இந்த மூணு வார்த்தைக்கும் தடை! சொன்னா அன்னிக்கு டீ செலவு அவங்களோடது. படத்துல என்ன தெரியுதுன்னு மட்டும்தான் சொல்லணும்.

முதல் வாரமே ஷாக். நான் ரயில்வே கேட்டுக்குப் பின்னால சூரியன் மறையறதை எடுத்துட்டு வந்தேன். மூணு பேரும் சூரியனைக் கண்டுக்கவே இல்லை. "டேய், இந்தப் பையனைப் பாரு"ன்னா திருவாலங்காடு. ஓரத்துல, கேட் திறக்கிறதுக்குள்ள சைக்கிள் கேரியர்ல உட்கார்ந்தபடியே ஒரு சின்னப் பையன் ஹோம்வொர்க் எழுதிட்டிருந்தான். என் படத்துல இருந்த பையனை எனக்கே அவங்கதான் காட்டினாங்க. படத்தைப் போடுறது வேற, காட்டுறது வேறன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. போட்டா, விரல் தள்ளிட்டுப் போயிடும். காட்டினா, கண்ணு நிக்கும்.

ஆனா, நான் சொல்ல வந்தது பொதட்டூர்பேட்டைக்காரன் கதை.

அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு விசைத்தறி. அவன் வீட்லயும் அதான். பையன் மட்டும் வாராவாரம் பூ, மேகம், மழைத்துளின்னு கொண்டு வருவான். "உங்க வீட்டை எடுடா"ன்னா, "அங்கே என்ன இருக்கு... ஒரே சத்தம்"னு பேச்சை மாத்துவான். காலேஜ்ல அப்பா என்ன பண்றார்னு கேட்டா, 'பிசினஸ்'. ஒத்தை வார்த்தையில முடிச்சிடுவான்.

ஒருநாள் திருவாலங்காடு, மதுரை பழனிக்குமார் எடுத்த படங்களை அவனுக்குக் காட்டினா. உழைக்கிற மக்களைப் படம் எடுக்கிற புகைப்படக்காரர். மீன் விற்கிற தன்னோட சொந்த அம்மாவையும் படம் எடுத்தவர். பையன் ரொம்ப நேரம் பேசவே இல்லை. அடுத்த ஞாயிறு, பூவும் மேகமும் காணோம். தறி முன்னால நிக்கிற அவங்க அப்பா!

"எடுக்கும்போது அப்பா என்னடா சொன்னார்?"

"'இதைப் போய் யாருடா பாப்பாங்க?'ன்னார்."

பார்த்தோம். பத்து நிமிஷம் பார்த்தோம். டீ ஆறிப்போச்சு. சட்டையில ஒட்டின பஞ்சு, விரல் இடுக்குல நூல், சுவத்துல சாக்பீஸ்ல எழுதின கணக்கு... ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொன்னோம். அவன் அதையெல்லாம் அப்படியே வீட்ல போய் ஒப்பிச்சிருக்கான். ஸ்டுடியோவுல மேக்ஸி சைஸ் பிரின்ட் போட்டு அப்பா கையிலயும் கொடுத்துட்டான்.

அப்பா உத்துப் பார்த்துட்டுச் சொன்னாராம், "தறியை நிறுத்திட்டு எடுத்திருக்கே. ஓடாத தறியில எனக்கு என்னடா வேலை?"

சரியான அடி! அடுத்த வாரம் தறி ஓடும்போதே எடுத்தான். ஷட்டர் ஸ்பீடு 1/500. தறிக்கூடத்து டியூப்லைட் வெளிச்சத்துக்கு ஐ.எஸ்.ஓ.வை ஏத்தினதுல படம் பூரா புள்ளி புள்ளி. அந்த வேகத்துல ஓடுற நாடாவும் அப்படியே உறைஞ்சு நின்னுடுச்சு. அப்பா தீர்ப்பு: "இப்பவும் நிக்குதே!"

மூணாவது தடவை, நூல் மூட்டை மேல கேமராவை அசையாம வெச்சான். 1/15. வலது, இடதுன்னு பாயிற நாடா வெள்ளைக் கோடா இழுபட, அதையே கவனிச்சு அசையாம நிக்கிற அப்பா முகம் மட்டும் பளிச்சுன்னு விழுந்துச்சு. இந்த பிரின்ட்டைக் கையில வாங்கினவர் கொஞ்ச நேரம் கழிச்சுச் சொன்னது, "ம்... இப்போ சத்தம் கேக்குது."

எங்க டீமோட பெஸ்ட் விமர்சகர் யாருன்னு இனி தனியாச் சொல்லணுமா? ஷட்டர் ஸ்பீடு பத்தி நாங்க படிச்சதையெல்லாம் மூணே வாக்கியத்துல முடிச்சிட்டார் மனுஷன்!

இன்னொரு விஷயம். போன மாசம் ஸ்காலர்ஷிப் ஃபார்ம் நிரப்பும்போது எட்டிப் பார்த்தேன். 'தந்தையின் தொழில்' கட்டத்துல, 'விசைத்தறி நெசவு'ன்னு எழுதியிருந்தான். நான் எதுவும் கேட்கலை. அவனும் எதுவும் சொல்லலை.

உங்களுக்கும் ஆசை வந்துடுச்சா? ரொம்ப சிம்பிள். மூணு, நாலு பேர் போதும். கூட்டம் சேர்ந்தா கைத்தட்டல்தான் மிஞ்சும். வாரத்துல ஒரு நாள் நேர்ல உட்காருங்க. படத்தைப் பத்திச் சொல்றதுக்கு முன்னால, ஒரு நிமிஷம் வாயை மூடிப் பாருங்க. முகம் தெரியற மாதிரி யாரை எடுத்தாலும் கேட்டுட்டு எடுங்க. 'வேணாம்பா'ன்னா கேமரா கீழே இறங்கணும். முக்கியமா, நண்பர்களுக்குக் காட்டினதை, படத்துல இருக்கிறவங்களுக்கும் காட்டுங்க. முடிஞ்சா ஒரு பிரின்ட் கொடுங்க. வடை, டீ காசுதான் ஆகும்.

நாங்க இப்போ 212-வது படியில நிக்கிறோம். மூச்சு வாங்குது. செமஸ்டர் வேற மிரட்டுது. ஆனாலும் இறங்குறதா இல்லை. ஏன்னா, பொதட்டூர்பேட்டையில ஒரு மனுஷர், தறியை விட்டுத் தலையைத் தூக்காமலே கேட்டு அனுப்பியிருக்கார்...

"அந்தப் பசங்க ஊர்ல எடுத்ததையும் கொண்டு வரச் சொல்லுடா, பாப்போம்!"