எந்த ஸ்பீடுல உதறுது?

பழைய வண்டி விற்கிறவர்களுக்குத் தெரியாத ஒப்பனை இல்லை. டேங்குக்குப் புதுப் பெயிண்ட், சைலன்சருக்குப் பாலிஷ், சீட்டுக்குப் புது உறை. இன்ஜின் கடகடவென்றால் கெட்டியான ஆயிலை ஊற்றி அதையும் அடக்கிவிடலாம். ஆள் வருவதற்குள் நாலு உதை உதைத்துச் சூடாக்கி வைத்துவிட்டால் காலைநேரக் கோளாறும் தெரியாது. உதறலை மறைப்பதுதான் கஷ்டம். அதனால்தான் தரகர்கள் தெருமுனை வரைக்கும் ஓட்டிப் பார்க்கச் சொல்வார்கள். அந்தத் தெருமுனைக்குள் வண்டி முப்பதைத் தொடாது. உதறல் எட்டிப் பார்ப்பது பெரும்பாலும் ஐம்பதுக்கு மேல்.

சென்னையில் அண்ணா சாலையையும் ராயப்பேட்டையையும் இணைக்கிற ஜெனரல் பேட்டர்ஸ் சாலை உதிரிபாகக் கடைகளுக்குப் பேர்போனது. அதை ஒட்டிய சந்து ஒன்றில், பத்துக்குப் பத்து அறையும் அதைவிடப் பெரிய தெருவோரமுமாக ஒரு பட்டறை. பெயர்ப் பலகை கிடையாது. நடத்துபவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் மட்டும்தான் பார்ப்பார். மற்ற வண்டி வந்தால், "எதிர்க்கடைக்குப் போ தம்பி, நல்லாப் பாப்பாங்க" என்று அனுப்பிவிடுவார். பட்டறைக்காரர்களின் வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று போன எனக்கு, ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

புல்லட் சென்னைக்குச் சொந்த ஊர் வண்டி. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியோடு 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கைகோத்து, இங்கே தயாரிக்கத் தொடங்கியது. திருவொற்றியூர்த் தொழிற்சாலை அப்படி வந்ததுதான். 1970-ஓடு இங்கிலாந்தில் தயாரிப்பு நின்றுபோனது, இங்கே நிற்கவில்லை. 346 சிசி, போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90. அந்த 90 மில்லிமீட்டர் தூரம் ஒற்றைப் பிஸ்டன் ஏறி இறங்குவதில்தான் அந்த வண்டியின் தடதடப்பும் இருக்கிறது, அதன் மவுசும் இருக்கிறது.

நான் போன அன்று மத்தியானம் ஒரு இளைஞர் வண்டியைத் தள்ளாத குறையாகக் கொண்டுவந்து நிறுத்தினார். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. கையில் சேர்த்த காசில், கூட வேலை செய்பவர் சொன்ன தரகரிடம் அந்த மாதம்தான் வாங்கியிருக்கிறார். அறுபதில் போனால் ஹேண்டில் உதறுகிறது, கால் மரத்துப்போகிறது, கண்ணாடியில் பின்னால் வருவது லாரியா ஆட்டோவா என்று தெரியவில்லை. வேறொரு பட்டறையில் காட்டியதற்கு கிராங்க் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும், 12,000 ரூபாய் ஆகும் என்றிருக்கிறார்கள்.

பாய் ஸ்பானரைத் தொடவில்லை. கேட்க ஆரம்பித்தார்.

"எந்த ஸ்பீடுல உதறுது?"

"அறுபதுல பாய்."

"மூணாவது கியர்ல அறுபது போனாலும் அதே மாதிரியா, நாலாவதுல மட்டுமா?"

இளைஞர் விழித்தார்.

"ஆக்ஸிலேட்டரை விட்டா நிக்குதா? கிளட்சைப் புடிச்சா? கையில முதல்ல தெரியுதா, கால்லயா, சீட்லயா?"

ஒன்றுக்கும் பதில் இல்லை. "ஓட்டிட்டு வா. ஒவ்வொண்ணா பாத்துட்டு வா. நான் சொல்லக் கூடாது, நீதான் சொல்லணும்" என்று கடற்கரைச் சாலைப் பக்கம் அனுப்பிவிட்டார். அவர் திரும்பி வருவதற்குள் எனக்கும் டீ வந்தது, விளக்கமும் வந்தது.

பாய் சொன்னதை நான் காகிதத்தில் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். புல்லட்டின் 19 அங்குலச் சக்கரம் ஒரு தடவை சுற்றினால் ஏறக்குறைய இரண்டு மீட்டர் போகும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு எட்டுச் சுற்று. அதே வேகத்தில், நாலாவது கியரில், இன்ஜின் நொடிக்குச் சுமார் நாற்பது சுற்றுச் சுற்றும். எட்டு என்பது கையால் எண்ணிவிடக்கூடிய ஆட்டம். ஹேண்டில் இடமும் வலமுமாக உதறும். நாற்பதை எண்ண முடியாது. விரலும் பாதமும் மரத்துப்போகும். ஓடும்போது கிளட்சைப் பிடித்து இன்ஜினை அடக்கிவிட்டு வண்டியைச் சும்மா உருளவிட்டால், நின்றுபோவது இன்ஜினோடது. நிற்காமல் கூடவே வருவது சக்கரத்தோடது. கியர் மாறினாலும் அதே வேகத்தில் வந்தால் சக்கரம். கியருக்குக் கியர் வேறு வேகத்தில் வந்தால் இன்ஜின். பாதி நோய் நடுரோட்டிலேயே பிரிந்துவிடுகிறது. இதற்கு ஒரு கருவியும் வேண்டாம், பொறுமை வேண்டும். பொறுமையாக ஓட்டிப் பார்க்கிற மெக்கானிக்குக்கு ஊரில் பஞ்சம் என்பதுதான் என் அனுபவம்.

இளைஞர் திரும்பி வந்தார். முகத்தில் குழப்பம். "கிளட்சைப் புடிச்சா கால் மரத்துப்போறது நிக்குது பாய். ஆனா ஹேண்டில் ஆட்டம் அப்படியே இருக்கு."

"ரெண்டு வியாதி," என்றார் பாய், ரொம்ப சந்தோஷமாக.

முதலில் முன்சக்கரம். சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினுக்கு அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கினார்கள். பாய் எதிரே குத்தவைத்து உட்கார்ந்து, போர்க்கின் அடிப்பகுதி இரண்டையும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். 'டக்' என்றது. ஹேண்டில் திரும்புகிற கோன் செட்டில் ஆட்டம். ஹேண்டிலை மெதுவாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திருப்பச் சொன்னார். நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றது. வருஷக்கணக்கில் நேராகவே ஓடிய வண்டியில் குண்டுகள் ஒரே இடத்தில் அடிவாங்கி, கிண்ணத்தில் தடம் பதித்துவிடுகின்றன. பிறகு போர்க்கில் ஒரு சாக்குக்கட்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிவிட்டார். ரிம்மில் முழு வட்டமாகக் கோடு விழவில்லை. ஒரு பக்கம் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை. அந்த இடத்தில் கோட்டம். திருப்புளியின் பின்பக்கத்தால் போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார், மிருதங்கத்துக்குச் சுருதி சேர்ப்பவர் விளிம்பைச் சுற்றித் தட்டிப் பார்ப்பதைப்போல. 'டிங் டிங்' என்று வந்தது கோட்டத்துக்குப் பக்கத்தில் 'டொக்' என்று செத்துப்போனது.

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு எண்களையும் படிக்கச் சொன்னார். முதல் இரண்டு எந்த வாரம், அடுத்த இரண்டு எந்த வருஷம் தயாரித்தது என்பதைச் சொல்லும். பட்டன் தேயவே இல்லை, ஆனால் டயருக்குப் பத்து வயதுக்கு மேல். நகத்தால் அழுத்தினால் பதியவில்லை. ரப்பர் காய்ந்து கட்டையாகிவிட்டது. "தேயலன்னு சொல்லி வித்திருப்பான்" என்றார் பாய். இளைஞர் தலையை ஆட்டினார். அப்படித்தான் சொல்லியிருந்தார்களாம்.

அடுத்து இன்ஜின். இங்கேதான் அந்த 12,000 ரூபாய்க்கு விடை வர வேண்டும். வண்டியை ஸ்டார்ட் செய்து, நீளமான திருப்புளியின் முனையை கிராங்க் இருக்கும் பகுதியில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டார். கண் மூடிக்கொண்டது. ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று ஏற்றி இறக்கச் சொன்னார். ராடு தேய்ந்திருந்தால் அந்த நேரத்தில் அடிவயிற்றிலிருந்து கனமாக ஒரு இடி கேட்குமாம். என்னிடமும் கொடுத்தார். எனக்கு எல்லாமே இடியாகத்தான் கேட்டது. "கிராங்க் சுத்தம்" என்று திருப்புளியைக் கீழே வைத்தார். டைமிங்கையும் பார்த்தார், அதில் குறை இல்லை.

பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்த இடம். ஆள்காட்டி விரலை இன்ஜினைப் பிரேமோடு பிடித்திருக்கும் பின்பக்க போல்ட்டின் வாஷரைச் சுற்றி ஒரு தேய்ப்பு தேய்த்து, என் முகத்துக்கு நேரே நீட்டினார். விரலில் குங்குமத்தைவிடக் கொஞ்சம் பழுப்பாக, மாவாக ஒரு பொடி. எண்ணெயும் புழுதியும் ஒட்டிய வண்டியில் அது மட்டும் உலர்ந்து கிடந்தது. இறுகிய இரண்டு இரும்புகள் கண்ணுக்குத் தெரியாமல் ஒன்றன்மேல் ஒன்று உரசிக்கொண்டே இருந்தால் இந்தச் செம்பொடி உதிரும். போல்ட் பார்வைக்கு இறுக்கமாகத்தான் இருந்தது. ஸ்பானர் போட்டதும் முக்கால் சுற்றுத் திரும்பியது. டேங்கைக் கழற்றினால் இன்னொன்று. சிலிண்டர் ஹெட்டை மேலே பிரேமோடு பிடித்திருக்க வேண்டிய சின்னத் தகட்டையே காணோம். இரண்டு வெறும் துளைகள். யாரோ ஒரு மெக்கானிக் எப்போதோ ஹெட்டை இறக்கியவர், திரும்பப் பூட்டும்போது அவசரத்தில் விட்டுவிட்டார். அது இல்லாமலும் வண்டி ஓடும் என்பதுதான் ஆபத்து.

தகடு அதே சாலையில் கிடைத்தது. பாய் உடனே இறுக்கிவிடவில்லை. இன்ஜின் போல்ட்டுகள் எல்லாவற்றையும் தளர்த்தி, இன்ஜினை ஆட்டிவிட்டு, தன் இடத்தில் அது உட்கார்ந்த பிறகு மாற்றி மாற்றி இறுக்கினார். இழுத்துப்பிடித்து இறுக்கிய இன்ஜின் பிரேமையும் சேர்த்து அதிரவைக்கும் என்பது அவர் கட்சி.

ரிம்மைக் கோட்டம் எடுக்கப் புதுப்பேட்டைக்கு அனுப்பினார். பட்டறையில் வேலை கற்றுக்கொள்ளும் பையனோடு நானும் போனேன். கூவத்தை ஒட்டிய புதுப்பேட்டையில் ஒரு வண்டியை எலும்பு எலும்பாகப் பிரித்து அடுக்கிய கடைகளைத் தாண்டிப் போனால், லேத்துகளின் இரைச்சல். சக்கரம் தயாராகும் வரை பக்கத்து லேத்தில் நின்றேன். அங்கே ஆர்எக்ஸ் 100 வண்டியின் கிராங்க் ஒன்றுக்கு ராடு மாற்றிக்கொண்டிருந்தார் டர்னர். உண்மையிலேயே கிராங்க் போனால் என்ன வேலை நடக்கும் என்பதை அன்றுதான் பார்த்தேன். இரண்டு இரும்புச் சக்கரங்கள், நடுவே ஒரு பின், அதில் ராடு. பிரஸ்ஸில் வைத்துப் பின்னை ஏற்றியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. இரண்டு சக்கரமும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். லேத்தின் இரு சென்டருக்கு நடுவே மாட்டி, டயல் கேஜை வைத்துக் கையால் உருட்டினார். முள் தள்ளிய இடத்தில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு. வெளியே எடுத்து, இடது உள்ளங்கையில் ஏந்தி, செம்புச் சுத்தியால் விளிம்பில் ஓர் அடி. திரும்ப மாட்டி உருட்டினார். முள் கொஞ்சம் அடங்கியது. இன்னோர் அடி, கூடிவிட்டது. முகம் சுளிக்காமல் எதிர்ப்பக்கம் ஒரு தட்டு. இரண்டு தௌவுக்குள், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்குள், வந்தால்தான் கையிலிருந்து இறக்குவாராம். எவ்வளவு வலுவாக அடிப்பது என்று கேட்டேன். "அது கைக்குத் தெரியும் சார்" என்றார்.

மாலையில் சக்கரம் பூட்டி, புதுக் கோன் செட்டும் டயரும் போட்டு வண்டி இறங்கியது. இளைஞர் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, ஹேண்டில் ஆட்டம் சுத்தமாக இல்லை, கால் மரத்துப்போவதும் இல்லை, "ஆனா இன்னும் லேசா ஒரு அதிர்வு இருக்கு பாய்" என்றார்.

"அது வண்டியோடது. அதுக்கு வைத்தியம் இல்லை."

பாய் சொன்னது சரி. ஒற்றைப் பிஸ்டன் மேலே போய் நின்று திரும்பும்போது வண்டியைத் தூக்கப் பார்க்கும். அதற்கு எதிர்எடை வைக்கலாம். முழுக்க வைத்தால் மேல்கீழ் ஆட்டம் முன்பின் ஆட்டமாக மாறிவிடும். ஆகவே பாதியோ அதற்குச் சற்று மேலோ வைத்துவிட்டு, மிச்சத்தை ஓட்டுபவர் தலையில் கட்டினார்கள். அதே கம்பெனியின் 350 சிசி வண்டிகளில், 2020-இல் வந்த மீட்டியோர் 350-இன் இன்ஜினில்தான் இந்த மிச்சத்தை எதிர்த்துச் சுற்றத் தனியாக ஒரு தண்டு வைத்தார்கள். அதே வருஷம் ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி கட்டாயமானதிலிருந்து புது வண்டிகளுக்கு ஸ்கேனரும் வந்துவிட்டது. அது சென்சார் கோளாறைச் சொல்லும். தளர்ந்த போல்ட்டைச் சொல்லாது.

பில் போடும்போதுதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. தகடு, கோன் செட், டயர், ரிம் வேலை, பூட்டுக்கூலி. கிராங்க் நன்றாக இருக்கிறது என்று கண்டுபிடித்ததற்கு ஒரு ரூபாய் இல்லை. கேட்டேன். "இல்லாத வியாதிக்கு எப்படி சார் காசு வாங்குறது?" என்றார். 12,000 ரூபாய்க்கு இன்ஜினை இறக்கச் சொன்னவருக்கு அந்தக் கூச்சம் இருந்திருக்காது. கழற்றிப் போடுவதற்குக் கூலி உண்டு, யோசிப்பதற்குக் கிடையாது என்றால், யோசிக்கிறவர்கள் குறையத்தான் செய்வார்கள். பாயிடம் வேலை கற்கும் பையனும் அடுத்த வருஷம் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகப் போவதாகச் சொன்னான். மாதச் சம்பளம். அவனைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் காலையில், இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போங்கள். அறுபது வரை ஓட்டிப் பார்க்க விடாத வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கூடவே ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போனால், அன்றைக்குப் பட்டறையில் அவருக்கு அரைநாள் வருமானம் போகும். டீயோடு முடித்துவிடாமல், பார்த்துச் சொல்வதற்கான கூலியைக் கிளம்பும் முன்பே பேசிக் கொடுத்துவிடுங்கள்.