வளவும் உறுதியும்

அயர்லாந்தில் கோட்டை பார்க்கப் போனோம் என்று சொன்னால், ராஜா ராணி இருந்த மாளிகை என்றுதான் நினைப்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்துப் போனோம்.

போன கோடை விடுமுறைக்குக் கோல்வேயில் இருக்கும் தம்பி வீட்டில் இரண்டு கிழமை நின்றோம். உண்மையைச் சொன்னால், ஊர்க் காணியை விற்பதா விடுவதா என்று நானும் அவனும் மூன்று வருடமாகச் சரியாகக் கதைக்கவில்லை. பிள்ளைகளுக்காகத்தான் இந்தப் பயணம். ஒருநாள் அவன் எங்களைக் கிளேர் பகுதியில் உள்ள பரன் என்ற இடத்துக்குக் காரில் கூட்டிப் போனான். கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் சுண்ணாம்புக் கல். கல்வெடிப்புகளுக்குள் புல்லும் சின்னச் சின்னப் பூவும்.

"யாழ்ப்பாணத்திலயும் இந்தக் கல்லுத்தான் அண்ணை. அங்க மண் மூடியிருக்கு, இங்க மூடேல்லை" என்றான் தம்பி. அவன் அன்று என்னோடு பேசிய முதல் வசனம் அது.

கஹர்கொனல் என்ற இடத்தில் ரிக்கற் எடுத்து உள்ளே போனோம். வட்டமாக ஒரு கல்மதில். குறுக்களவு ஏறக்குறைய 42 மீற்றர். மதிலின் தடிப்பு 3 மீற்றர், சில இடங்களில் உயரமும் அவ்வளவு. சாந்து இல்லை, கல்லின்மேல் கல். கோபுரம், சிம்மாசனம் ஒன்றும் இல்லை. "இவ்வளவுதானா அப்பா?" என்றான் மகன். பக்கத்தில் ஆடு சாய்க்கும் நாய்களை விட்டுக் காட்டுவார்கள் என்று அவன் கேள்விப்பட்டிருந்தான். அவனுக்கு அந்த அவசரம்.

மனைவி மட்டும் மதிலைத் தடவிக்கொண்டு நின்றாள். அவள் நெடுந்தீவு. "இது எங்கட ஊர் வேலியப்பா. எங்களிட்ட முருகைக்கல்லு, இவையிட்ட இந்தக் கல்லு."

அவள் சொன்னபிறகுதான் எனக்கும் விளங்கியது. இதைக் கோட்டை என்பதைவிட வளவு என்பதுதான் பொருத்தம். அயர்லாந்து முழுவதும் இப்படியான வட்ட வளவுகள் 40,000க்கு மேல் இருக்கின்றன. மண் உள்ள இடத்தில் மண் அணையால், கல் உள்ள இடத்தில் கல்லால் கட்டினார்கள். கல்லால் கட்டியதற்குக் 'கஹர்' என்று பெயர். உள்ளே ஒரு குடும்பத்தின் வீடு. அந்தக் காலத்து அயர்லாந்தில் மாடுதான் சொத்து. கடனும் தண்டமும்கூட மாட்டுக்கணக்கில்தான். மாடு கொள்ளையடிப்பதும் வழக்கம். ஆகவே மதில். அயலவனின் மதிலைவிட என்னுடையது தடிப்பு என்ற பெருமையும் அதில் இருந்திருக்கும். அது எங்களுக்குத் தெரியாத பெருமையா?

இங்கே 2007இல் அகழத் தொடங்கினார்கள். கோல்வே பல்கலைக்கழகத்தின் கலாநிதி மிஷெல் கோம்பர் பல வருடம் அந்த வேலையை நடத்தினார். கிடைத்தவை சீப்பு, உடுப்புக் குத்தும் ஊசி, கத்தி, சாணைக்கல், விளையாட்டுக் காய், சாப்பிட்டு எறிந்த எலும்பு. எந்த வீட்டைக் கிண்டினாலும் வரக்கூடிய சாமான்கள். மதிலைக் கட்டியது கி.பி. 10ஆம் நூற்றாண்டில் என்றும், ஏறக்குறைய 600 வருடம் அதற்குள் ஆட்கள் குடியிருந்தார்கள் என்றும் காபன் பரிசோதனையால் கணித்திருக்கிறார்கள். பழைய வீட்டுக்குமேல் புது வீடு, அதற்குமேல் இன்னொன்று. யாரும் வளவை விட்டுப் போகவில்லை.

திரும்பும் வழியில், சில மைல் தள்ளி, தெருவோரம் தம்பி காரை நிறுத்தினான். அங்கே இன்னொரு வட்டம், கஹர்மக்னாக்டன். தனியார் காணி, வெளியே நின்றுதான் பார்த்தோம். ஓ'டேவோரன் என்ற குடும்பம் ஐரிஷ் சட்டம் படிப்பித்த இடம் அது. அவர்கள் 16ஆம் நூற்றாண்டில் எழுதிய சட்ட ஏடு ஒன்று இப்போதும் லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. பின்னர் ஆங்கிலச் சட்டம் வந்தது, இவர்களின் சட்டம் செல்லாமல் போயிற்று.

அந்தக் குடும்பத்தின் பங்கீட்டு உறுதி ஒன்றும் மிஞ்சியிருக்கிறது என்று தம்பி சொன்னான். 17ஆம் நூற்றாண்டில் இரண்டு சகோதரர்களுக்கு வளவைப் பிரித்துக் கொடுத்தது. கஹருக்குள் பெரிய வீடு இருக்கும் நிலம், குசினி வீடு இருக்கும் நிலம், மேற்கே உள்ள தோட்டங்கள் என்று ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறதாம். அந்த வீடுகளில் ஒன்றும் இன்று இல்லை. மதிலும் புல்லும்தான்.

எனக்குப் பேச்சு வரவில்லை. எங்கள் வீட்டு உறுதி லண்டனில் என் அலுமாரியில் இருக்கிறது. 1995இல் வெளிக்கிட்டபோது அம்மா பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்தது. வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு நிலைகளும் இல்லை. கிணறு மட்டும் உண்டு.

"அண்ணை, குசினி உங்களுக்கு. கிணறு எனக்கு" என்றான் தம்பி.

"கிணத்தில எனக்கும் பங்கு எழுதவேணும்" என்றேன்.

மழை பிடித்துவிட்டது. போகிறவர்கள் கோடையென்று நம்பி மழைச்சட்டையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். நாங்கள் ஆறு பேரும் தெப்பமாக நனைந்துதான் காருக்குள் ஏறினோம்.