மாத்தினித் தீவுக்குப் போன தறிக்காரர்

பெரம்பலூர்,
ஆடி 20

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. உன் அம்மா போன வாரம் வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனாள். ஆடிப் பதினெட்டுக்கு எல்லோரும் அணைக்கரை போய்க் கொள்ளிடத்தில் முழுகி எழுந்தோம். தண்ணீர் நிறையப் போனது. அங்கே நின்றபோதே உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது. போனில் சொன்னால் நீ மார்செய்யில் வேலை நடுவில் இருப்பாய், நானும் பாதியில் எதையாவது விட்டுவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நீ அனுப்பிய படத்தை எத்தனை முறை பார்த்தேனோ தெரியாது. உன்னோடு வேலை செய்யும் மர்த்தினிக் பெண், பக்கத்தில் அவள் பாட்டி, பாட்டி தலையில் கட்டம் போட்ட துணி. அவர்கள் வீட்டில் 'கொலம்போ' என்று ஒரு பொடி போட்டு ஆட்டுக்கறி வைக்கிறார்கள், கொத்தமல்லியும் மஞ்சளும் மணக்கிறது, நம்ம குழம்பு மாதிரியே இருக்கிறது என்று எழுதியிருந்தாய். குழம்பு என்ற சொல்தான் நாக்கு மாறி அப்படி ஆகிவிட்டது என்கிறார்கள், பாப்பா. அவள் முன்னோர் ஒருவரின் பழைய காகிதத்தில் 'திரிச்சினாப்பள்ளி' என்று ஊர் போட்டிருக்கிறது, அது எங்கே என்று அவள் கேட்டாள் என்றும் எழுதியிருந்தாய்.

மர்த்தினிக் என்று படித்ததும் எனக்கு என் அப்பாயியின் குரல் கேட்டது. உன் அம்மாவுக்கும் இந்தக் கதை தெரியும், ஆனால் முழுதாகக் கேட்டவன் நான்தான். அப்பாயி தார் சுற்றும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ராட்டையைச் சுற்றிக்கொண்டே சொல்லும்: "மாமனாருக்குத் தம்பி ஒருத்தரு இருந்தாரு. தாது வருஷப் பஞ்சத்துல காரைக்காலுக்குப் போயி மாத்தினித் தீவுக்குக் கப்பலேறிட்டாரு." வீட்டில் எல்லோரும் அவரைக் கப்பல் தாத்தா என்றே சொல்வார்கள். மாத்தினி என்றால் மலேயாப் பக்கம் ஏதோ தோட்டம் என்று அப்பா நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். எழுபது வயதில், உன் படத்தைப் பார்த்த பிறகுதான் பொறி தட்டியது. அப்பாயி சொன்னது பூமியின் அந்தப் பக்கத்தில், அமெரிக்காக் கண்டத்தை ஒட்டிக் கிடக்கும் பிரஞ்சுத் தீவு.

ஒவ்வொரு ஆடிப் பதினெட்டுக்கும் அப்பாயி சிட்டத்திலிருந்து ஒரு முழம் நூல் எடுத்து மஞ்சள் நனைத்துக் கொள்ளிடத்தில் விடும். நாங்கள் அதை வேண்டுதல் என்று நினைத்தோம். அது கப்பல் தாத்தாவுக்காகத்தான். ஆறு கடலுக்குப் போகிறதல்லவா!

இனி, நான் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். உன் தோழிக்கும் சொல். பிரஞ்சு அரசு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை 1848-ல் ஒழித்தது. விடுதலையான ஆப்பிரிக்கர்களில் பலர் அந்தக் கரும்புத் தோட்டங்களில் மறுபடி நிற்க விரும்பவில்லை. முதலாளிகளின் கண் நம்ம கரைப் பக்கம் திரும்பியது. 'ஒரேலி' என்ற கப்பல் 1853 மே மாதம் மர்த்தினிக்கின் சேன்-பியேர் துறையில் முதல் கூட்டத்தை இறக்கியது. அதே கப்பல் 1854 டிசம்பர் 24-ல் பக்கத்துத் தீவான குவாதலூப்பில் ஆட்களை இறக்கியது. பிறகு முப்பது வருஷத்துக்குக் கப்பல்கள் ஓயவில்லை. மர்த்தினிக்குக்கு மட்டும் சுமார் 25,000 பேர், குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேர். இவர்களில் மிகப் பலர் தமிழர்கள். மாலை நேரத்து டிவியில் இந்தக் கணக்கை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? பிஜியும் மொரீசியசும் தெரிந்த நமக்கு இந்தத் தீவுகள் தெரியாமலே போனது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

நம்ம ஊர் அப்போது வெள்ளைக்காரன் சீமை, காரைக்கால் பிரஞ்சுச் சீமை. 1861 ஜூலையில் இரண்டு அரசும் ஒப்பந்தம் போட்டன. அதன்பிறகு பிரிட்டிஷ் எல்லைக்குள்ளும் ஆள் சேர்க்கலாம் என்றாயிற்று. மேஸ்திரிகள் ஊர் ஊராக வந்தார்கள். நம்ம உடையார்பாளையம் தாலுகாவிலிருந்து காரைக்கால் ஒன்றும் தூர தேசமில்லை. ஜெயங்கொண்டம், மீன்சுருட்டி, அணைக்கரை. அங்கே 1836-ல் கட்டிய கீழணை மேலேறிக் கொள்ளிடத்தைத் தாண்டினால் திருப்பனந்தாள், மாயவரம், தரங்கம்பாடி. மூன்று நாள் நடை. அந்த அணை கட்டக் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலில் இருந்து கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள் என்று நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் வாயடைத்துப் போவார்கள். நம்ம கப்பல் தாத்தா அந்தக் கல் மேல்தான் நடந்து போயிருப்பார்.

ஏன் போனார்? பஞ்சம் வந்தால் முதலில் விழுவது தறிக்காரன். அரிசிக்கே காசில்லாதவன் வேட்டியா வாங்குவான்? உழுபவனுக்கு விதை நெல்லாவது மிஞ்சும், நமக்கு மிஞ்சுவது கஞ்சி போட்ட பாவு மட்டுந்தான், அதைத் தின்ன முடியாது. அந்தத் தாது வருஷம், 1876-ல், மழை பொய்த்தது. இங்கிலாந்து மில் துணி ஏற்கெனவே சந்தையைப் பிடித்திருந்தது. ஒரு குழித்தறி, இரண்டு அண்ணன் தம்பி, ஏழு வாய். தம்பி கிளம்பினார். ஐந்து வருஷ ஒப்பந்தம், ஆண்களுக்கு மாதம் பன்னிரண்டரை பிராங்க், அன்றைய கணக்கில் ஏறக்குறைய 5 ரூபாய். முடிந்ததும் இலவசமாகத் திரும்பி வரலாம் என்று எழுத்தில் இருந்தது. கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு போக மூன்று மாதம். திரும்பி வந்தவர்கள் குறைவு.

ஆக, அவர் போனது 1877-க்கும் 1883-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அதற்குப் பின் மர்த்தினிக்குக்கு ஆள் ஏற்றுவது நின்றுவிட்டது. தேடும்போது இந்த ஏழு வருஷத்தை மனதில் வை.

பாப்பா, என்னைத் தூங்கவிடாதது அந்தப் பாட்டியின் தலைத்துணி. அந்தத் தீவுகளில் அதற்குப் பெயரே 'மெட்ராஸ்'. சென்னைச் சுற்றுவட்டாரத்திலும் ஆந்திரக் கரையிலும் தறியில் நெய்த கட்டம் போட்ட பருத்தித் துணி அது. நம்ம ஆட்கள் அங்கே கால் வைப்பதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே ஐரோப்பிய வியாபாரிகள் கொண்டுபோய் விற்று, அந்தத் தீவுப் பெண்களின் தலையில் ஏறிவிட்டது. இன்றைக்கும் அவர்களுடைய விழா உடுப்பு அதுதான். பாண்டிச்சேரியில் அவுரியில் தோய்த்த நீலத்துணி ஒன்று இருந்தது, 'கினே' என்பார்கள். செனகல் கரையில் அதைக் காசுபோலவே கொடுத்து வாங்கினார்கள். நெய்தவன் கோவணத்தோடு பஞ்சத்தில் நிற்க, நெய்த துணி மூன்று கண்டம் சுற்றியிருக்கிறது.

யோசித்துப் பார். நம்ம தாத்தா சேன்-பியேர் துறையில் இறங்குகிறார். பேச்சு புரியவில்லை, மனிதர்கள் புதிது, மலை புதிது. சந்தையில் நிற்கும் பெண்களின் தலையில் மட்டும் தெரிந்த துணி. ஊடையும் பாவும் எத்தனை இழை என்று பார்த்ததும் சொல்லியிருப்பார். தொட்டுப் பார்த்திருப்பாரா? என் அப்பா கடைசிவரை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் துண்டைக்கூட விரலால் உரசிப் பார்ப்பார். தறிக்காரன் கை அப்படி. அந்தக் கையில் கரும்பு வெட்டும் கத்தியைக் கொடுத்தார்கள்.

கப்பலேறிப் போனவர்களுக்குக் காகிதத்தில் ஒரு எண், ஒரு பெயர், வயது, அப்பா பெயர், ஊர். தொழில் என்ற இடத்தில் பெரும்பாலும் ஒரே சொல்: உழவர். நெய்தவன், தச்சன், குயவன், வண்ணான் எல்லோரும் ஒரே சொல்லுக்குள் போனார்கள். தெருவில் அவர்களைக் 'கூலி' என்று கூப்பிட்டார்கள், அது அங்கே வசைச்சொல்லாகவே நிலைத்தது. நம்ம வீட்டிலோ அவருக்குப் பெயரில்லை, எண்ணில்லை, ஊர்கூடத் தப்பு, ஆனால் தொழில் மட்டும் மறக்கவில்லை. "அவரு நெஞ்ச வேட்டி தண்ணி நிக்கும்" என்று அப்பாயி சொல்லும், அத்தனை நெருக்கமான நெசவாம்.

பெயர் ஏன் இல்லை என்று கேட்பாய். அப்பாயி அந்தக் காலத்து மருமகள். மாமனார் வயதுக்காரர் பெயரை வாயால் சொல்லாது. எத்தனை தரம் கேட்டும், "பழனியில நிக்கிறாரே, அவரு பேருதாண்டா" என்று மேலே கையைக் காட்டிவிடும். பழனியாண்டியா, பழனிச்சாமியா, தண்டபாணியா, வேலாயுதமா? நான்கையும் தேட வேண்டியதுதான். அவருடைய அப்பா பெயர் நமக்குத் தெரியும், பழைய வீட்டுப் பத்திரத்தில் இருக்கிறது. நகலை இதோடு வைத்திருக்கிறேன். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லாததால் அங்கிருந்த எழுத்தர்கள் ஆள் பெயரையோ அப்பா பெயரையோ குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். அதனால் இரண்டையும் முன்னும் பின்னும் மாற்றிப் பார். எழுத்தும் மாறும். சிதம்பரம் அங்கே 'சிதம்பரோம்' ஆகியிருக்கிறது. ழகரம் லகரமாகிவிடும்.

சிதம்பரோம் என்றதும் ஒருவரைச் சொல்ல வேண்டும். குவாதலூப்பில் காப்பெஸ்தேர் என்ற ஊரில் 1863-ல் பிறந்த ஆன்றி சிதம்பரோம். தீவில் பிறந்த இந்தியப் பிள்ளைகளுக்கு ஓட்டுரிமையும் பிரஞ்சுக் குடியுரிமையும் வேண்டும் என்று 1904-ல் அரசோடு வழக்காடத் தொடங்கி, 1923-ல் வென்றார். பத்தொன்பது வருஷம்! நம்ம பள்ளிக்கூடப் புத்தகத்தில் அவருக்கு நான்கு வரி இருந்திருக்க வேண்டும். நான் முப்பத்திரண்டு வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்தேன், ஒரு பிள்ளைக்கும் அவர் பெயரைச் சொல்லவில்லை. எனக்கே தெரியாது.

அந்தத் தீவுகளில் மாரியம்மனை 'மாலியேமேன்' என்றும் மதுரை வீரனை 'மால்தெவிலேன்' என்றும் கும்பிடுகிறார்களாம். நாகூர் ஆண்டவருக்குக் கொடிமரம் நடுகிறார்களாம். பொருள் தெரியாவிட்டாலும் பாட்டு தமிழில். உன் தோழியின் பாட்டியை எதற்கும் ஒரு முறை பாடச் சொல்லிப் பதிவு செய்துகொள். வயதானவர்களை நம்பி நாளைக்கு என்று வைக்காதே.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். சேன்-பியேர் நகரம் இன்றைக்கு அந்தப் பழைய நகரமல்ல. 1902 மே 8-ந்தேதி காலை பெலே எரிமலை வெடித்து, சில நிமிஷத்தில் சுமார் 28,000 பேரோடு ஊரே எரிந்துபோனது. அதைப் படித்த இரவு, நம்ம தேடல் அங்கேயே முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் 1776-லேயே பிரான்சு அரசன் ஒரு கட்டளை போட்டிருக்கிறான்: குடியேற்ற நாடுகளின் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளுக்கு ஒரு பிரதி பிரான்சுக்கு வர வேண்டும் என்று. அந்தப் பிரதிகள் இருப்பது எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் ஊரில், கடல்கடந்த நாடுகளின் தேசிய ஆவணக் காப்பகத்தில். நீ இருக்கும் இடத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம்! இதற்காகவே உன்னை அந்த ஊருக்கு அனுப்பி வைத்தது போல இருக்கிறது எனக்கு. பதிவேடுகளில் நிறைய இணையத்திலும் உண்டு, உன் மச்சான் எனக்குக் கம்ப்யூட்டரில் காட்டினான். ஆனால் பிரஞ்சுக் கையெழுத்து எனக்குப் பிடிபடவில்லை, உனக்குப் பிடிபடும்.

தேடும்போது பெரம்பலூர், அரியலூர் மாவட்டம் என்று பார்க்காதே. பெரம்பலூர் மாவட்டமே 1995-ல் வந்தது. அரியலூர் 2001-ல் வந்து, மறைந்து, 2007-ல் மறுபடி வந்தது. அன்றைக்கு எல்லாம் திருச்சினாப்பள்ளி ஜில்லா. உன் தோழியின் காகிதத்தில் அந்த ஒரு சொல் மட்டும் இருப்பதால் அவள் நம்ம சொந்தம் என்று உன் அம்மா இப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அப்படிச் சொல்லிவிடாதே. அந்த ஜில்லா முசிறியும் குளித்தலையும் சேர்ந்த பெரிய ஜில்லா. அவளிடம் கிராமத்தின் பெயர் எந்த மூலையிலாவது எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல். படம் எடுத்து அனுப்பு. எப்படிச் சிதைத்து எழுதியிருந்தாலும், உடையார்பாளையம், அரியலூர், பெரம்பலூர் மூன்று தாலுகாவிலும் எனக்குத் தெரியாத ஊர் குறைவு. வாரியங்காவலோ இலையூரோ வேப்பந்தட்டையோ, சைக்கிளில் போய்க்கூட விசாரித்து வருவேன். அந்தப் பெண் இங்கே வந்தால் நம்ம வீட்டில் தங்கட்டும், அத்தை சொல்லச் சொன்னாள்.

வடக்கே பாஸ்-புவேன்த் என்ற ஊர்ப் பக்கம் நம்மவர்கள் அதிகம் இருந்தார்கள், அங்கிருந்து தொடங்கு. இறப்புப் பதிவுகளை முதலில் எடு. பழனியில் நிற்பவர் பெயரும் பத்திரத்தில் உள்ள அப்பா பெயரும் சேர்ந்து வரும் வரி கிடைத்தால் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார். கிடைத்த அன்றே போன் பண்ணு, இரவானாலும் பரவாயில்லை. அணைக்கரையில் இந்த வருஷமும் உன் அம்மாதான் நூல் விட்டாள்.

அன்புடன்,
உன் மாமா