வெறுமைக்கு எத்தனை பெயர்!

ஆங்கில பாஷையில் 'வாய்ட்' என்றொரு சிறு சொல் உண்டு. அகராதியைத் திறந்தால் 'வெறுமை, சூனியம்' என்று அர்த்தம் காண்கிறது. வித்தியார்த்திகளும் அதை மனப்பாடம் செய்துவிட்டு நிம்மதி அடைகிறார்கள். அந்தச் சொல்லோ, வெறுமை என்ற பெயரை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் உத்தியோகம் பார்க்கிறது!

1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், சட்டப்படி நிறைவேற்ற முடியாத உடன்பாட்டை 'வாய்ட்' என்கிறது. பந்தயம் கட்டிச் செய்துகொள்ளும் உடன்பாடு இவ்வகையைச் சேர்ந்தது. வைத்தியர்களிடம் போனால், அதே சொல் சிறுநீர் கழிப்பதைக் குறிக்கிறது. சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே சுவரெழுப்பாது விட்ட தரைத்தளத்துக்கு 'வாய்ட் டெக்' என்று பெயர். பெயர்தான் வெறுமை, கல்யாணமும் இழவும் அங்கேதான் நடக்கின்றன! 'தவிர்' என்ற பொருளில் வழங்கும் 'அவாய்ட்' கூட இதே குடும்பத்துப் பிள்ளைதான். காலி செய்வது என்பதே அதன் பழைய அர்த்தம்.

இத்தனைக்கும் ஈடாகத் தமிழில் ஒரே சொல் இல்லையே என்று குறைப்படுவோர் உண்டு. ஒரே சொல் எதற்கு? சட்டத்துக்கு ஒவ்வாததை நாம் 'செல்லாது' என்கிறோம். செல்லாக் காசும் செல்லாத பத்திரமும் ஒரே ஜாதி. ஆங்கிலேயன் உள்ளே ஒன்றுமில்லை என்று கண்டதை, தமிழன் நடமாட மாட்டாதது என்று கண்டான். பயிரிடாத நிலம் தரிசு. குடியற்ற வீடு பாழ். மணி பிடிக்காத நெல் பதர். ஒவ்வொரு வெறுமைக்கும் ஒவ்வொரு முகம்.

நிற்க. தகப்பனாரை இழந்த மாணவன் ஒருவன், 'எங்கள் வீடு வாய்டாக இருக்கிறது' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தான். ஆங்கில வழக்குக்கு அது பொருந்தாது. "தமிழில் சொல், தம்பி" என்றேன். சற்றுத் தயங்கி, "வீடு வெறிச்சென்று இருக்கிறது, ஸார்" என்றான். வீட்டில் தாய் இருக்கிறாள், பாட்டி இருக்கிறாள், தங்கைகள் இருக்கிறார்கள். அத்தனை பேர் இருந்தும் வெறிச்சென்று இருக்கிறது!

பெரியோர் காலமானால் 'நிரப்ப முடியாத வெற்றிடம்' என்று எழுதுவது இக்காலத்துப் பத்திரிகைகளில் வழக்கமாகிவிட்டது. காற்றை வெளியேற்றிய கண்ணாடிக் குழாய்க்கு அந்தச் சொல் தகும். இங்கிலீஷை நன்றாகவே கற்போம். ஆனால் துக்கம் வந்த வீட்டில், நம் பாட்டிமார் பேசிய பாஷையிலேயே பேசுவோம்.