சனி பகவானின் நடை

பஞ்சாங்கத்தைப் புரட்டுவதில் நமக்கு எப்போதுமே ஒரு ருசி உண்டு. நல்ல நாள் பார்ப்பதற்காக அன்று. கிரகங்களின் நடையைப் பார்ப்பதற்காக. புதன் ஒரு ராசியில் குடியேறி மூட்டையை அவிழ்ப்பதற்குள் பெரும்பாலும் அடுத்த ராசிக்குக் கிளம்பி விடுகிறான். சுக்கிரனும் ஏறக்குறைய அந்த ஜாதிதான். குரு பகவானோ ஒரு வீட்டில் சுமார் ஒரு வருஷம் தங்கிவிட்டுத்தான் நகருகிறார். சனி பகவானைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரு ராசியைக் கடக்க அவருக்குச் சுமார் இரண்டரை வருஷம் வேண்டும். 'சனைச்சரன்' என்ற பெயருக்கே மெதுவாக நடப்பவன் என்றுதான் பொருள். 'மந்தன்' என்றும் அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது.

தூரதிருஷ்டிக் கண்ணாடி இல்லாத காலத்தில், வெறுங் கண்ணையும் பொறுமையையும் வைத்துக்கொண்டு நம் பெரியோர் கண்டுபிடித்த வித்தியாசம் இது. சூரிய குடும்பத்தின் இரண்டு கிளைகளையும் இந்த நடையிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். புதன், சுக்கிரன், பூமி, செவ்வாய் என்ற நால்வரும் சூரியனை அண்டி வாழும் உள்வீட்டுக்காரர்கள். குரு, சனி, யுரேனஸ், நெப்டியூன் நால்வரும் வெளிவீட்டுக்காரர்கள். கடைசி இருவருக்கும் நமது நவக்கிரகச் சந்நிதியில் இடமில்லை. 1781-லும் 1846-லும்தான் அவர்கள் கிரகங்கள் என்று தெரிய வந்தது.

சூரியனிலிருந்து சுமார் 5.8 கோடி கிலோமீட்டரில் இருக்கும் புதன் 88 நாளில் ஒரு சுற்றை முடித்து விடுகிறான். சுமார் 143 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சனிக்கோ இருபத்தொன்பதரை வருஷம் பிடிக்கிறது. பாதை நீளமாயிருப்பது மட்டும் காரணமல்ல. நடையும் தளர்ந்து போகிறது. புதன் விநாடிக்கு 47 கிலோமீட்டர் ஓடுகிறான், பூமி 30, சனி பத்துக்கும் குறைவு. தூரம் போகப் போகச் சூரியனுடைய இழுப்பு குறைந்துவிடுவதால் அங்கே ஓட வேண்டிய அவசியம் இல்லை. கும்பகோணத்தில் மகாமகம் சுமார் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவதும் குரு ராசி மண்டலத்தை ஒரு சுற்றுச் சுற்றிவர அவ்வளவு காலம் ஆவதனால்தான்.

இந்தக் கணக்கு நம் வீட்டுக்குள்ளும் ஒரு முறை நுழைந்தது. நமது தங்கைக்கு நல்ல இடம் ஒன்று கூடிவந்த சமயம். "பெண்ணுக்கு ஏழரைச் சனி நடக்கிறது" என்று பிள்ளை வீட்டார் ஒதுங்கிவிட்டார்கள். கல்யாணம் மூன்று வருஷம் தள்ளிப் போயிற்று. அந்த மூன்று வருஷமும் நம் தாயார் சனிக்கிழமை தவறாமல் எள் விளக்கு ஏற்றி வந்தார். தங்கையோ அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து உள்ளே போய்விடுவாள். ஜோசியருடைய கணக்கில் பிழை சொல்வதற்கில்லை. இருபத்தொன்பதரையைப் பன்னிரண்டு ராசிகளுக்குப் பங்கிட்டு, மூன்று ராசிகளுக்கு எவ்வளவு என்று பாருங்கள். ஏழரைக்குச் சற்றுக் குறைவாக வரும். சனி இருக்கும் தூரத்தின் கணக்கு அது, அவ்வளவுதான். அவர் குருவின் இடத்தில் இருந்திருந்தால் அது மூன்று வருஷச் சனியாக முடிந்திருக்கும்! சனி பகவான் பேரில் நமக்கு மனஸ்தாபம் கிடையாது. அந்தத் தூரத்தின் மேல் ஒரு பெண்ணின் வாழ்வைக் கட்டித் தொங்கவிட்டவர்கள் பேரில்தான் சிறிது உண்டு.

நிற்க. நடையில் மட்டும் வித்தியாசம் என்றால் இரு கிளையாரும் ஒரே ஜாதி என்று சொல்லிவிடலாம். விஷயம் அப்படியில்லை. 1982-ஆம் வருஷம் மார்ச்சு 1-ந் தேதி ரஷ்யர்களுடைய வெனிரா 13 என்னும் விண்கலம் சுக்கிரனில் இறங்கிற்று. 457 டிகிரி உஷ்ணம். நம் காற்றைப்போல் சுமார் தொண்ணூறு மடங்கு அழுத்தம். அந்த உலைக்குள்ளும் அது 127 நிமிஷம் உயிரோடிருந்து, தன் காலடியில் கிடந்த பாறைகளைப் படம் பிடித்து அனுப்பிற்று. 1995 டிசம்பர் 7-ந் தேதி கலிலியோ கலத்திலிருந்து ஒரு கருவி குருவுக்குள் இறங்கிற்று. ஏறக்குறைய ஒரு மணி நேரம் செய்தி அனுப்பிக்கொண்டே அது கீழே போயிற்று, பிறகு மௌனமாகிவிட்டது. அது எதன் மேலும் மோதவில்லை. மோதுவதற்கு அங்கே தரை இல்லை! வாயு அடர்ந்து கொண்டே போய், வெகு ஆழத்தில் திரவமாகிறது. அவ்வளவு ஆழத்துக்குப் போவதற்குள் எந்தக் கருவியும் நசுங்கி உருகிவிடும்.

உள்வீட்டில் கல்லும் வெளிவீட்டில் வாயுவும் சேர்ந்ததற்குக் காரணம் நமது சமையலறையில் தினமும் பார்க்கிற சமாசாரந்தான்: சூடும் குளிர்ச்சியும். சுமார் 460 கோடி வருஷங்களுக்கு முன் இளஞ் சூரியனைச் சுற்றி வாயுவும் தூசியும் ஒரு தட்டுப்போல் சுழன்று கொண்டிருந்தன. சூரியனுக்கு அருகில் தண்ணீர் ஆவியாகவே இருந்தது. இரும்பும் கல்லுந்தான் கட்டியாக முடிந்தது. அவை இருந்ததோ கொஞ்சம். இப்போது செவ்வாய்க்கும் குருவுக்கும் நடுவே உள்ள வெளியில் ஓரிடத்துக்கு அப்பால் நீராவி பனிக்கட்டியாக உறைந்தது. கல்லோடு பனியும் சேர்ந்ததால் அங்கே கட்டுமானச் சரக்குக்குப் பஞ்சமில்லை. பூமியைப்போல் பத்து மடங்கு கனம் சேர்ந்ததும், குருவும் சனியும் சுற்றிலுமிருந்த ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் வாரி விழுங்கி விட்டார்கள். இன்னும் தூரத்திலிருந்த யுரேனஸும் நெப்டியூனும் வளர்ந்து முடிப்பதற்குள் பந்தி கலைந்துவிட்டது. அவர்களுக்குக் கிடைத்தது கொஞ்சம் வாயுதான்.

ஆகவே குடும்பச் சொத்தெல்லாம் வெளிவீட்டில்தான். குரு ஒருவரே 318 பூமிகளின் எடை. உள்வீட்டார் நால்வரையும் ஒரே தராசில் போட்டாலும் இரண்டு பூமி தேறாது. சனியின் சரக்கு தண்ணீரைவிட லேசு. சமுத்திரத்தில் போட்டால் மிதக்கும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அவ்வளவு பெரிய சமுத்திரத்துக்கு எங்கே போவது? சந்திரன்களோ உள்வீட்டில் மொத்தம் மூன்று. சனிக்கு மட்டும் 2025-ஆம் வருஷக் கணக்கில் 274.

நமது பூமியை நீர் நிறைந்த உலகம் என்று பெருமை பேசுகிறோம். உண்மையில் கடல் நீர் முழுவதும் பூமியின் எடையில் சுமார் நாலாயிரத்தில் ஒரு பங்குதான். காய்ந்த கல்லின் மேல் ஒரு பூச்சு! குருவைச் சுற்றும் யுரோப்பா என்ற சந்திரன் நம் சந்திரனிலும் சிறியது. அதன் பனி ஓட்டுக்கடியில் நம் கடல்களைப்போல் இரண்டு மடங்கு நீர் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். ஆனால் பயிரிடவும், வீடு கட்டவும், மாலையில் காலாற நடக்கவும் நமக்கு வாய்த்தது இந்த ஏழைக் கல்தான்.

வெளிவீட்டார் நால்வருக்கும் வளையங்கள் உண்டு. உள்வீட்டில் ஒருவருக்கும் இல்லை. யுரேனஸின் வளையங்கள் வெளிப்பட்ட கதையில் நம் ஜவ்வாது மலைக்கும் பங்குண்டு. 1977 மார்ச்சு 10-ந் தேதி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கவிருந்தது. காவலூர் வானாராய்ச்சி நிலையத்தார் தங்கள் நாற்பது அங்குலக் கண்ணாடியை அந்தப் பக்கம் திருப்பியிருந்தார்கள். கிரகம் நெருங்குவதற்கு முன்பே நட்சத்திரம் ஒரு கணம் மங்கி, மறுபடி ஒளிர்ந்தது. அதே இரவில் இந்து மகாசமுத்திரத்தின் மேல் விமானத்தில் பறந்தபடி பார்த்த அமெரிக்கர்கள், கிரகத்துக்கு இருபுறமும் அப்படிப் பல மங்கல்களைக் கண்டு, அவை வளையங்கள் என்று தெளிந்தார்கள்.

குடும்ப வழக்கம் எங்கும் ஒன்றாயிருக்க வேண்டும் என்பதில்லை. 1995-ல் மேயர், கெலோஸ் என்ற இரு ஸ்விஸ் நிபுணர்கள் வேறொரு சூரியனைச் சுற்றும் கிரகம் ஒன்றைக் கண்டார்கள். குருவைப்போல் பெருத்த வாயுக் கிரகம். ஆனால் நாலே கால் நாளில் தன் சூரியனைச் சுற்றி வருகிறது! வெளிவீட்டில் பிறந்தவர் உள்வீட்டுக்கு நடந்து வந்திருக்கிறார் என்பதே பலர் முடிவு. நம் குருவும் ஆதியில் செவ்வாய் இருக்குமிடம் வரை நடந்து வந்து, பிறகு சனியின் இழுப்பினால் திரும்பியிருக்க வேண்டும் என்று சிலர் வாதிக்கிறார்கள். செவ்வாயின் இலையில் விழ வேண்டியதைக் குரு சிதறடித்து விட்டார்; அதனால்தான் செவ்வாய் பூமியில் பத்தில் ஒரு பங்காக நின்றுவிட்டான் என்பது அவர்கள் கட்சி. எதிர்க் கட்சியும் இருக்கிறது. வழக்கு நடந்து கொண்டிருக்கிறது.